ஈஸ்ட்டும் சர்க்கரையும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை ஈஸ்ட் பற்றிய கேள்விகள் பேக்கரி, கல்லூரி ஆய்வகம், வீட்டுச் சமையலறை, பனங்காடு என்று பல இடங்களிலிருந்து வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சங்கதிதான். மொத்தச் சர்க்கரை எவ்வளவு என்ற கணக்கெல்லாம் ஈஸ்ட்டுக்குத் தெரியாது. இந்த நிமிடம் தன்னைச் சுற்றியுள்ள நீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது, அது என்ன வேகத்தில் வந்து சேருகிறது என்பதை வைத்தே அது நடந்துகொள்கிறது.

கேள்வி: எங்கள் பேக்கரியில் சாதா பிரெட் மாவு ஒரு மணி நேரத்தில் எழும்பிவிடுகிறது. ஸ்வீட் பன் மாவுக்கு இரண்டரை மணி நேரம் ஆனாலும் போதவில்லை. ஈஸ்ட்டுக்குத் தீனி குறைகிறதோ என்று சர்க்கரையை இன்னும் கூட்டினோம், மோசமானதுதான் மிச்சம். 10 கிலோ மைதாவுக்கு 1.8 கிலோ சர்க்கரை, 200 கிராம் உப்பு, 100 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போடுகிறோம். – பேக்கரி உரிமையாளர், நாகர்கோவில்

பதில்: தீனி குறையவில்லை, அளவுக்கு மீறிக் கிடக்கிறது. பிசைந்ததிலிருந்து அடுப்புக்குப் போகும்வரை, 100 கிலோ மாவில் ஈஸ்ட் தின்பது இரண்டு மூன்று கிலோ சர்க்கரைதான். உங்கள் 18 சதவீதத்தில் மீதியெல்லாம் சுவைக்கும் நிறத்துக்கும் மென்மைக்கும். அது மாவிலுள்ள நீரில் கரைந்து, ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. செல் சுருங்குகிறது. மறுபடி நிமிர அது கிளிசரால் தயாரித்து உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை முடியும்வரை வாயு வருவது மந்தம்தான். சாதாரண ஈஸ்ட்டுக்கு மாவின் எடையில் 5 சதவீதம் வரை சர்க்கரை உற்சாகம். 10 சதவீதத்தைத் தாண்டினால் சுமை. உப்பும் அதே சுமையைத்தான் ஏற்றுகிறது.

இதில் இன்னொரு சிக்கல். நாம் போடும் சீனி சுக்ரோஸ். ஈஸ்ட் தன் செல்சுவரில் வைத்திருக்கும் இன்வெர்டேஸ் என்ற நொதி, பிசைந்த கொஞ்ச நேரத்திலேயே அதை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடைத்துவிடுகிறது. ஒரு மூலக்கூறு இரண்டானால் நீரை இழுக்கும் விசையும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இனிப்பு மாவுக்கென்று தனியாக விற்கும் ஈஸ்ட் ரகங்களில் இன்வெர்டேஸ் குறைவாக இருப்பது இதனால்தான். முதலில் அந்த ரகத்துக்கு மாறுங்கள். பாக்கெட்டில் "ஸ்வீட் டோ" அல்லது "ஹை ஷுகர்" என்று போட்டிருக்கும்.

அடுத்து, சர்க்கரையைப் பிரித்துப் போடுங்கள். 6 கிலோ மைதா, 3.6 லிட்டர் தண்ணீர், 120 கிராம் ஈஸ்ட், 100 கிராம் சர்க்கரை மட்டும் சேர்த்து ஸ்பாஞ்ச், அதாவது முன்மாவு, பிசைந்து, 28 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் விடுங்கள். இந்த நேரத்தில் ஈஸ்ட் விழித்து வேகம் பிடித்துவிடும். பிறகு மீதி 4 கிலோ மைதா, 1.7 கிலோ சர்க்கரை, 120 கிராம் உப்பு, கொழுப்பு, பால் பவுடர் எல்லாம் சேர்த்துப் பிசையுங்கள். இந்தச் சுற்றில் தண்ணீரை ஒரு லிட்டரில் தொடங்கி, மாவின் பதம் பார்த்துக் கூட்டுங்கள். சர்க்கரை கரையக் கரைய மாவு இளகும். முதலிலேயே மொத்தமாக ஊற்றினால் பத்து நிமிடத்தில் கையில் ஒட்டும். 20 நிமிடம் ஓய்வு, உருட்டல், 35 டிகிரியில் ஈரப்பதத்தோடு கடைசி எழுச்சி.

உப்பு 200 கிராம் அளவுக்கு ஸ்வீட் பன்னுக்குத் தேவையே இல்லை, மேலே சொன்ன 120 போதும். பூஞ்சணம் பிடிக்காமலிருக்கக் கால்சியம் புரோப்பியோனேட் போடுகிறீர்களா என்று எழுதவில்லை. போடுகிறீர்கள் என்றால் அதுவும் ஈஸ்ட்டைத் தடுக்கும். அளவுக் கரண்டியில் அல்லாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

கேள்வி: 2 சதவீத குளுக்கோஸ் உள்ள ஒய்பிடி ஊடகத்தில் ஈஸ்ட் வளர்க்கிறோம். 30 டிகிரி, நிமிடத்துக்கு 200 சுற்று, காற்றுக்குக் குறைவில்லை. ஆக்சிஜன் இருந்தால் ஈஸ்ட் சுவாசிக்கும் என்றுதான் படித்தோம். ஆனால் ஃபிளாஸ்க்கில் ஆல்கஹால் வாடை அடிக்கிறது. வளர்ச்சிக் கோடும் ஒரு படி ஏறி, நின்று, மறுபடி ஏறுகிறது. – எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் மாணவி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் ஃபிளாஸ்க்கில் குறை ஒன்றும் இல்லை. சாக்கரோமைசிஸ் செரிவிசியே, அதாவது நம் பேக்கரி ஈஸ்ட், லிட்டருக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு போன்ற சிறு அளவைத் தாண்டி குளுக்கோஸ் இருந்தாலே, ஆக்சிஜன் எவ்வளவு இருந்தாலும் ஆல்கஹால் பக்கம் சாய்ந்துவிடும். நீங்கள் கொடுத்திருப்பது லிட்டருக்கு 20 கிராம். இதற்கு கிராப்ட்ரீ விளைவு என்று பெயர். 1929இல் ஹெர்பர்ட் கிராப்ட்ரீ புற்றுநோய்த் திசுக்களில் கண்ட ஒன்றின் பெயரை பிறகு ஈஸ்ட்டுக்கும் வைத்தார்கள். நீங்கள் படித்தது பாஸ்டர் விளைவு. சர்க்கரை தாராளமாக இருந்து வேகமாக வளரும் இந்த ஈஸ்ட்டில் அது கண்ணுக்கே தெரியாது; சர்க்கரை குறைவாக வரும்போதோ, செல்கள் வளராமல் இருக்கும்போதோதான் தெரியும்.

உள்ளே நடப்பது இது. குளுக்கோஸ் மிகுந்திருக்கும்போது மிக்1 என்ற புரதம் உட்கருவுக்குள் உட்கார்ந்து, காலக்டோஸ், மால்டோஸ், சுக்ரோஸ் ஆகியவற்றைக் கையாளும் மரபணுக்களை மூடி வைக்கிறது. சுவாசத்துக்கான பல மரபணுக்களும் அப்போது அடங்கிக் கிடக்கின்றன. குளுக்கோஸ் தீரும் தறுவாயில் ஸ்னஃப்1 என்ற கைனேஸ் விழித்து, மிக்1இல் பாஸ்பேட் ஏற்றி அதை வெளியே அனுப்புகிறது. பிறகுதான் செல்லுக்குள் சுவாசம் நடக்கும் இடமான மைட்டோகாண்ட்ரியாவின் சரக்குகள் தயாராகின்றன. நீங்கள் பார்த்த தேக்கம் அந்தத் தயாரிப்பு நேரம். இரண்டாவது ஏற்றம், தான் கழித்த ஆல்கஹாலையே ஈஸ்ட் தின்று வளர்வது. முதல் ஏற்றத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் செல்கள் இதில் பல மணி நேரம் எடுக்கும்.

ஒரு குளுக்கோஸிலிருந்து நொதித்தலில் கிடைப்பது 2 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்). சுவாசத்தில் ஈஸ்ட்டுக்குச் சுமார் 16. (36, 38 என்ற கணக்கு இங்கே பொருந்தாது. புரோட்டானைத் தள்ளும் முதல் கூட்டமைப்பு இந்த ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவில் இல்லை.) இவ்வளவு நஷ்டத்தில் ஏன் நொதிக்கிறது? வேகம்தான் காரணம் என்பது பரவலான விளக்கம். பழுத்த பழத்தில் மற்ற நுண்ணுயிர்களை முந்திச் சர்க்கரையைக் காலிசெய்து, ஆல்கஹாலால் அவற்றை ஒடுக்கி, பிறகு அதையும் தானே தின்றுவிடலாம்.

சோதித்துப் பார்க்க: 250 மில்லி ஃபிளாஸ்க்கில் 50 மில்லிக்கு மேல் ஊடகம் வேண்டாம். மணிக்கு ஒருமுறை 1 மில்லி எடுத்து உடனே பனிக்கட்டியில் வைத்துச் சுழற்றி, மேல்நீரைப் பிரித்துவிடுங்கள். தாமதித்தால் குழாய்க்குள்ளேயே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். குளுக்கோஸை மருத்துவ ஆய்வகங்களில் கிடைக்கும் ஜிஓடி-பிஓடி கிட்டில் அளக்கலாம்; மாதிரியை 20 மடங்கு நீர்த்தால் டெசிலிட்டருக்கு 2000 மி.கி. என்பது 100 மி.கி. ஆகி, கிட்டின் வரம்புக்குள் வரும். ஒளிஅடர்த்தி 0.5ஐத் தாண்டினால் நீர்த்துத்தான் அளக்க வேண்டும். இல்லையென்றால் வராத தேக்கம் வந்ததுபோல் கோடு படுக்கும். கோட்டை மடக்கை அச்சில் வரையுங்கள். குளுக்கோஸ் பூஜ்யத்தைத் தொடும் நேரமும் முதல் படி முடியும் நேரமும் ஒன்றாக விழ வேண்டும்.

இரண்டாவது ஏற்றம் வரவே இல்லை என்றால் உங்கள் வகையில் பெட்டிட் செல்கள், அதாவது சுவாசம் இழந்த செல்கள், மிகுந்திருக்கலாம். 3 சதவீத கிளிசரால் தட்டில் கோடு இழுத்துப் பாருங்கள். அவை அதில் வளராது.

கேள்வி: சர்க்கரை போடாமல் வீட்டில் பிரெட் செய்கிறேன். முதல் ஒரு மணி நேரம் நன்றாக உப்புகிறது. பிறகு அப்படியே நின்றுவிட்டு, வெகுநேரம் கழித்து மெல்ல எழும்புகிறது. – இல்லத்தரசி, யாழ்ப்பாணம்

பதில்: முதல் வேகம், மாவிலேயே இருக்கும் கொஞ்சம் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸால் வந்தது. இவை எல்லாம் சேர்த்து மாவின் எடையில் ஒன்றிரண்டு சதவீதம்தான். அவை தீர்ந்ததும் மிஞ்சுவது மால்டோஸ்; அரைக்கும்போது உடைந்த மாப்பொருளை அமைலேஸ் நொதி வெட்டித் தருவது. மால்டோஸை உள்ளே இழுக்கும் புரதமும் அதை உடைக்கும் மால்டேஸும், குளுக்கோஸ் இருக்கும்வரை ஈஸ்ட்டில் அடங்கியே கிடக்கும். குளுக்கோஸ் ஒழிந்த பிறகுதான் உற்பத்தி தொடங்கும். நின்றது அந்த இடைவெளி. ஒரு கரண்டி குளுக்கோஸ் போட்டால் அது தீராது, தள்ளித்தான் போகும்.

அத்தோடு அமைலேஸ் குறைந்த மாவாக இருந்தால், இடைவெளிக்குப் பிறகும் வேகம் வராது. இதற்கு முளைகட்டிய கேழ்வரகு, அதாவது குரக்கன், நல்ல கைமருந்து. இரண்டு நாள் முளைவிட்டு, நிழலிலோ இளவெயிலிலோ நன்றாக உலர்த்தி, வறுக்காமல் அரையுங்கள். 500 கிராம் மாவுக்கு 2 முதல் 3 கிராம் போதும். கடையில் கஞ்சிக்கு விற்கும் ராகி மால்ட் வேலைக்கு ஆகாது. வறுத்ததில் நொதி செத்திருக்கும். அளவைக் கூட்டினால் பிரெட்டின் உள்பகுதி வெந்த பிறகும் பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டும். மாவில் ஒரு துண்டை நேரான கண்ணாடி டம்ளரில் அழுத்தி, ரப்பர் பேண்டால் குறியிட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். மாற்றம் பலித்ததா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: ஈஸ்ட்டைச் சர்க்கரைத் தண்ணீரில் நுரைக்கவிடும்போது எவ்வளவு சர்க்கரை? மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்கலாமா? – திருச்சி வாசகர்

பதில்: இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டுக்கு இது தேவையில்லை, மாவோடு நேரே கலக்கலாம். ஆக்டிவ் டிரை ஈஸ்ட் என்றால் 100 மில்லி தண்ணீர், 38 முதல் 40 டிகிரி, 7 கிராம் ஈஸ்ட், அரை டீஸ்பூன் சர்க்கரை. சிலர் மூன்று மேசைக்கரண்டி கொட்டுகிறார்கள். காய்ந்த செல்லின் சவ்வு நீர் ஏறிச் சீராகும் அந்தச் சில நிமிடங்களில் அதைவிடப் பெரிய தொல்லை வேறில்லை. குளிர்ந்த தண்ணீரும் கூடாது. செல்லுக்குள் இருப்பது கசிந்து வெளியேறும்; அதிலுள்ள குளூட்டாதயோன் என்ற பொருள் மாவைத் தளர்த்திவிடும்.

நுரைத்ததை எடுத்து வைக்காதீர்கள். உலர்ந்த ஈஸ்ட்டைக் காப்பது அதனுள் இருக்கும் டிரெஹலோஸ் என்ற சேமிப்புச் சர்க்கரை. சர்க்கரை கிடைத்த சேதி போனதும் ஈஸ்ட் அந்தச் சேமிப்பை உடைக்கத் தொடங்கும். குளிர், வெப்பம், உலர்வு எதையும் தாங்கும் சக்தி இறங்கிவிடும். மாவைப் பிசைந்து உறையவைப்பவர்கள், அது எழும்புமுன்பே ஃபிரீசரில் வைப்பதும் இதனால்தான்.

கேள்வி: 5 லிட்டர் ஃபெர்மென்டரில் மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) கொண்டு பேக்கரி ஈஸ்ட் வளர்க்கும் புராஜெக்ட். லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை போட்டும் உலர் எடையில் 7 கிராம்கூடத் தேறவில்லை. காற்றைக் கூட்டியும் பயனில்லை. – பயோடெக்னாலஜி மாணவர்கள், காரைக்குடி

பதில்: சர்க்கரை முழுவதையும் தொடக்கத்திலேயே கொட்டிவிட்டீர்கள். கோயம்புத்தூர் மாணவிக்குச் சொன்ன அதே கதைதான்: சர்க்கரையில் பெரும்பங்கு ஆல்கஹாலாகப் போயிருக்கும். சுவாசத்தில் ஒரு கிராம் சர்க்கரைக்கு அரை கிராம் உலர் செல் கிடைக்கும், நொதித்தலில் 0.1 முதல் 0.15 வரைதான். முதல் உலகப்போரையொட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் இதற்கு வழி கண்டார்கள். சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாக, செல் பெருகுவதற்கு ஏற்பக் கூட்டிக் கொடுத்தால், கலத்தில் அது எப்போதுமே இல்லாததுபோல் இருக்கும். இன்றைய ஈஸ்ட் ஆலைகளும் இதைத்தான் செய்கின்றன.

உங்கள் கலத்துக்குக் கணக்கு இதோ. தொடக்கத்தில் 2 லிட்டர், லிட்டருக்கு 5 கிராம் செல். மொத்தம் 10 கிராம். வளர்ச்சி வேகம் மணிக்கு 0.15 என்று வையுங்கள், அதாவது ஒரு கிராம் செல்லுக்கு மணிக்கு 0.15 கிராம் வீதம் புதுச் செல். 0.28 அல்லது 0.3ஐ நெருங்கினால் சர்க்கரை சொட்டாக வந்தாலும் ஆல்கஹால் தலைகாட்டும். அதனால் இந்த ஒதுக்கம். முதல் மணிக்குத் தேவையான சர்க்கரை: 0.15 × 10 ÷ 0.5 = 3 கிராம். ஊட்டக் கரைசலில் லிட்டருக்கு 400 கிராம் சர்க்கரை இருந்தால் மணிக்கு 7.5 மில்லி. இதைப் படிப்படியாகக் கூட்டி 5ஆவது மணியில் சுமார் 16 மில்லி, 10ஆவது மணியில் சுமார் 34 மில்லி. பத்து மணி நேரத்தில் போவது 174 மில்லி கரைசல், ஏறக்குறைய 70 கிராம் சர்க்கரை. அதிலிருந்து 35 கிராம் செல். கலத்தில் லிட்டருக்கு 20 கிராமுக்குச் சற்று மேலே நிற்கும்.

அதற்கு மேல் இதே விகிதத்தில் ஏற்றப் போனால் தடை சர்க்கரை அல்ல, ஆக்சிஜன். ஒரு கிராம் சர்க்கரையை இப்படி எரிக்க 0.4 கிராம் அளவுக்கு ஆக்சிஜன் வேண்டும். 14ஆவது மணியில் லிட்டருக்கு மணிக்கு 4 கிராம் என்று கேட்கும். சின்னக் கலங்கள் பலவும் அங்கே திணறும். கரைந்த ஆக்சிஜன் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் ஊட்டத்தைக் கூட்டுவதை நிறுத்தி, அந்த வேகத்திலேயே வையுங்கள்.

மொலாசஸை நீர்த்து, கந்தக அமிலத்தால் பிஎச் 5க்குக் கொண்டுவந்து, சூடாக்கி, கசடைப் படியவிட்டு வடித்த பிறகே கலத்துக்கு விடுங்கள். இல்லையென்றால் குழாய் அடைக்கும். அதில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதாது. செல்லின் உலர் எடையில் 8 சதவீதம் நைட்ரஜன் என்று வைத்தால் 35 கிராமுக்கு 2.8 கிராம், அம்மோனியம் சல்ஃபேட்டாக 13 கிராம் ஆகும். பிஎச்சை அம்மோனியா கரைசலால் கட்டுப்படுத்தினால் இதில் பெரும்பகுதி தானாகச் சேர்ந்துவிடும். பயோட்டின் என்ற வைட்டமின் பற்றிக் கவலை வேண்டாம். பீட்ரூட் மொலாசஸில்தான் அது குறைவு. கரும்பு மொலாசஸில் தாராளம்.

ஊட்டம் சரியாகப் போகிறதா என்று பார்க்க மணிக்கு ஒருமுறை பம்பை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். ஆக்சிஜன் அளவு உடனே சட்டென்று ஏறினால் கலத்தில் மிச்சச் சர்க்கரை இல்லை, நல்லது. நிறுத்திய பிறகும் நிமிடக்கணக்கில் கீழேயே கிடந்தால் சர்க்கரையோ ஆல்கஹாலோ தேங்கியிருக்கிறது. வெளிவாயுவை அளக்கும் கருவி இருந்தால், வெளிவரும் கார்பன் டையாக்சைடுக்கும் செல்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் 1ஐ ஒட்டி இருக்க வேண்டும், 1.1ஐத் தாண்டினால் நொதித்தல் தொடங்கிவிட்டது. வாடையை நம்பிக் காத்திருந்தால் ரொம்பத் தாமதம். தேங்கிவிட்டால் பதறாமல் ஊட்டத்தைப் பாதியாக்குங்கள். ஈஸ்ட் அந்த ஆல்கஹாலை எரிக்கும். அப்போது விகிதம் 1க்குக் கீழே இறங்கும். மறுபடி 1க்குத் திரும்பியதும் பழைய வேகத்துக்கு வரலாம். அதிரடியாகக் கூட்ட மட்டும் வேண்டாம். பட்டினியில் பழகிய செல்லுக்குத் திடீரென்று சர்க்கரை வந்தால், வளர்ச்சி வேகம் மாறுமுன்பே ஆல்கஹால் வந்துவிடும்.

கேள்வி: வீட்டில் செய்த இஞ்சி பீர், கண்ணாடிப் போத்தலில் மூன்றாம் நாள் வெடித்துவிட்டது. லிட்டருக்கு 100 கிராம் சீனி போட்டது அதிகமோ? – கண்டி வாசகர்

பதில்: இனிப்புக்கு அந்த அளவு வேண்டியதுதான். ஆனால் அத்தனையும் வாயுவாகும் சரக்கு என்பதை மறக்கக் கூடாது. 100 கிராம் சீனியை ஈஸ்ட் முழுதாகத் தின்றால் 50 கிராமுக்கு மேல் கார்பன் டையாக்சைடு வரும். ஒரு லிட்டர் பானத்துக்கு ஏறக்குறைய 26 லிட்டர் வாயு. கடைச் சோடாவில் இருப்பது நாலு லிட்டருக்குள். அதாவது 15 கிராம் சீனியை ஈஸ்ட் தின்றாலே அவ்வளவு வாயு வந்துவிடும். பிளாஸ்டிக் சோடா போத்தலில் ஊற்றி, விரலால் அழுத்திக் கல்போல இருந்தால் உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அங்கும் ஈஸ்ட் தூங்காது, மந்தமாகும் அவ்வளவுதான். நாலைந்து நாளில் குடித்துவிட வேண்டும். அந்த 15 கிராமிலேயே சுமார் ஒரு சதவீத ஆல்கஹால் வந்துவிடும். பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் அதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: சில நாள் பதநீர் வாடையில்லாமல் நன்றாகத்தான் இருக்கிறது. காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி இறுகாமல் இளகி நிற்கிறது. – உடன்குடி வாசகர்

பதில்: வாடை வருமுன்பே சேதம் நடந்துவிட்டது. பதநீரில் லிட்டருக்கு 100 கிராமுக்குக் குறையாத சர்க்கரை, பெரும்பாலும் சுக்ரோஸ். இறுகுவது அதுதான். கலயத்தில் ஒட்டியிருந்த ஈஸ்ட், குளுக்கோஸ் சொற்பமாக இருப்பதைக் கண்டதும் இன்வெர்டேஸை மும்முரமாகச் செய்து செல்சுவரில் நிறுத்துகிறது. சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸ் பெருகிய பிறகு புதிதாகச் செய்வதை ஈஸ்ட் நிறுத்திக்கொண்டாலும், ஏற்கெனவே செய்து வைத்தது வெட்டிக்கொண்டே இருக்கும். அப்படி உடைந்த சர்க்கரை படிகமாகாது, காற்றில் ஈரத்தையும் இழுக்கும். ஈஸ்ட் பெருகி ஆல்கஹால் வாடை மூக்குக்கு எட்டுவதற்குள் சுக்ரோஸில் கணிசமான பங்கு போயிருக்கும்.

கலயத்தைக் கொதிநீரில் அலசி வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒவ்வொரு முறையும் புதுச் சுண்ணாம்பு தடவுங்கள். பழைய சுண்ணாம்பு காற்றுப்பட்டுக் காரம் இழந்திருக்கும். வெள்ளையாகத் தெரிவதால் மட்டும் வேலை செய்யாது. விடியுமுன் இறக்கி, வெயில் ஏறுமுன் அடுப்பில் ஏற்றுங்கள். இறக்கியதும் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள்: 8க்கு மேல் என்றால் காய்ச்சலாம். 7க்குக் கீழே இறங்கிய கலயத்தை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்; ஒரு கலயம் கொப்பரை முழுவதையும் கெடுக்கும். அதைத் தனியாகக் காய்ச்சிப் பனம்பாகாக இறக்கி விற்றுவிடலாம். உடைந்த சர்க்கரை பாகு உறையாமல் இருக்க உதவுமே தவிர, அங்கே கெடுதல் இல்லை.